"இரண்டு மடங்கு வேகம்" என்றால் எதைவிட, யார் அளந்தது? பிராசசர் விளம்பரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்களில் யாராவது லேப்டாப் வாங்கப் போகிறார்கள் என்றால் எனக்கு ஒரு போன் வரும். கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார், யூடியூபில் வேறொரு எண் ஓடியிருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி கதை. நடுவில் ஆப்பிளும் சாம்சங்கும் எட்டிப் பார்க்கும்.

கிகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருந்தால் பிராசசர் வேகமானதுதானே?

ஒரே குடும்பத்துச் சிப்புகள் இரண்டை ஒப்பிட்டால் பெரும்பாலும் ஆமாம். வேறு வேறு குடும்பம் என்றால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கிணற்றில் இரண்டு பேர் தண்ணீர் இறைக்கிறார்கள். ஒருவர் நிமிடத்துக்கு இருபது வாளி இறைக்கிறார், ஆனால் வாளி சொம்பு அளவுதான். இன்னொருவர் பத்து வாளிதான், வாளி பெரியது. தொட்டி யாருக்கு முதலில் நிரம்பும்? கிகாஹெர்ட்ஸ், அதாவது சிப்பு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது, நிமிடத்துக்கு எத்தனை வாளி என்ற கணக்கு மட்டும். ஒரு துடிப்பில் சராசரியாக எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பதுதான் வாளியின் அளவு. விமர்சகர்கள் ஐபிசி என்று சொல்வது இதைத்தான். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: தொட்டியே எவ்வளவு பெரியது, அதாவது அதே வேலைக்கு நிரலில் மொத்தம் எத்தனை கட்டளைகள் ஓட வேண்டியிருக்கிறது. அது கம்பைலர் கையில் இருக்கிறது; நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். பெரிய சண்டைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது, பின்னால் வருகிறேன்.

அப்படியானால் அத்தனை வருடம் கிகாஹெர்ட்ஸைச் சொல்லியே எப்படி விற்றார்கள்?

ஒரே ஒரு எண், பெரிதாக இருந்தால் நல்லது. விற்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லான் சிப்பை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. அந்த ஓட்டத்தில் அதே வருடம் வெளியிட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 நிலையாக ஓடவில்லை. விமர்சகர்கள் சோதித்து அதை வெளியே சொன்னதும் ஆகஸ்டில் இன்டெல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நவம்பரில் பென்டியம் 4 வந்தது, 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். அதன் வடிவமைப்பே அதிகத் துடிப்புக்காகச் செய்தது. பென்டியம் 3-இல் ஒரு கட்டளை சுமார் பத்துப் படிநிலைகளைக் கடந்தால் போதும். பென்டியம் 4-இல் இருபது. ஒவ்வொரு நிலையிலும் வேலை குறைவு என்பதால் துடிப்பைக் கூட்டலாம். ஆனால் அடுத்து நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்ற ஊகம் தப்பினால், வரிசையில் நிற்கும் அரைகுறை வேலை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வரிசை நீளமாக ஆக, நஷ்டமும் கூடும். அதனால்தான் பல சோதனைகளில் 1.2 கிகாஹெர்ட்ஸ் அத்லான் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ முந்தியது. 2004-இல் வந்த பிரெஸ்காட் ரகத்தில் படிநிலைகள் 31 ஆயின. சூடும் அதற்கேற்றபடி.

2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அப்போதைய தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். இன்டெல்லின் சாதாரண மேசைக் கணினிச் சிப்பு ஒன்று 4 கிகாஹெர்ட்ஸை அடிப்படை வேகமாகத் தொட 2014 ஆயிற்று.

இதில் வேடிக்கை, அதே இன்டெல்தான் 2003-இல் லேப்டாப்புக்காகப் பென்டியம் எம் என்ற சிப்பை வெளியிட்டது. 1.6 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதைவிட எவ்வளவோ கூடுதல் எண் போட்ட பென்டியம் 4-களோடு சமமாக நின்றது. தன் விளம்பரத்தைத் தன் சரக்கே பொய்யாக்கினால் என்ன செய்வது? 2004-இல் பெயர்களில் கிகாஹெர்ட்ஸை முன்னிறுத்துவதை விட்டு, மாடல் எண்களுக்கு மாறினார்கள். 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ ஓரங்கட்டியதும் அந்தக் கதை முடிந்தது.

பழைய ஏஎம்டி கணினிகளில் "1800+" என்று போட்டிருக்குமே, அது என்ன?

அத்லான் எக்ஸ்பி 1800+ உண்மையில் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 2001 அக்டோபரில் இந்தப் பெயர் முறையைக் கொண்டுவந்தபோது, இது தன் முந்தைய அத்லானோடு ஒப்பிட்ட எண் என்று ஏஎம்டி சொன்னது. கடையில் அதை அப்படிப் படித்தவர் யாரும் இல்லை; 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்குச் சமம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஏஎம்டிக்கும் அதில் வருத்தம் இருந்திருக்காது. நியாயமாகச் சொன்னால், ஆரம்ப வருடங்களில் அந்த எண் ஓரளவு பொருந்தவே செய்தது.

இதற்கு முன்பே 1996-இல் ஏஎம்டி, சைரிக்ஸ், ஐபிஎம், எஸ்ஜிஎஸ்-தாம்சன் என்ற நான்கு சிப்பு நிறுவனங்களும் சேர்ந்து "பி-ரேட்டிங்" என்று ஒன்றைக் கொண்டுவந்தன. சைரிக்ஸ் 6எக்ஸ்86 பிஆர்200+ ஓடியது 150 மெகாஹெர்ட்ஸில். எண்ணைக் கணக்கிட்டது அலுவலக மென்பொருள்களை வைத்துச் செய்த வின்ஸ்டோன் சோதனையில். அலுவலக வேலைக்குச் சரிதான். அதே வருடம் க்வேக் விளையாட்டு வந்தது, அதற்குப் புள்ளி எண் கணக்கு (தசமப் புள்ளி உள்ள எண்களின் கணக்கு) வேகமாக வேண்டும், சைரிக்ஸுக்கு அதில் பலமில்லை. 200 என்று நம்பி வாங்கியவர்கள் அதைவிடக் குறைந்த எண் போட்ட பென்டியத்திடம் தோற்றார்கள். அளந்த படியில் தவறில்லை. அரிசி அளக்கிற படியில் எண்ணெயை அளந்ததுதான் கோளாறு.

வேகச் சோதனைகளைப் பெஞ்ச்மார்க் என்கிறார்களே, அதை யார் தயாரிக்கிறார்கள்?

பலர். 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய ட்ரைஸ்டோன் மிகச் சிறிய நிரல். வெட்ஸ்டோன் என்ற பழைய சோதனையின் பெயரில் உள்ள "வெட்", ஈரம் என்ற ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிப்பதால், இவர் "ட்ரை" என்று வைத்தார். வாக்ஸ் 11/780 என்ற கணினி நொடிக்கு 1757 முறை இதை ஓட்டியது. அதை 1 என்று வைத்து மற்றவற்றை அளந்தார்கள். இன்றைக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகளின் குறிப்பேட்டில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

1988-இல் கணினி நிறுவனங்கள் சேர்ந்து ஸ்பெக் அமைப்பைத் தொடங்கின. நிஜமான நிரல்களின் தொகுப்பை ஓட்டி, ஒரு குறிப்புக் கணினியோடு ஒப்பிட்டு, பெருக்கல் சராசரி எடுப்பார்கள். சர்வர் உலகில் இதற்குத்தான் மதிப்பு. நாம் அடிக்கடி பார்க்கிற சினிபெஞ்ச், ஜெர்மனியின் மேக்சான் நிறுவனத்துடையது. முப்பரிமாணப் படம் வரைய எவ்வளவு நேரம் என்று பார்க்கும். கீக்பெஞ்ச், கனடாவின் பிரைமேட் லேப்ஸ். அதன் ஆறாம் பதிப்பில் கோர் ஐ7-12700 சிப்புக்கு 2500 என்று வைத்திருக்கிறார்கள், மற்றவை அதற்கு மேலோ கீழோ. ஐந்தாம் பதிப்பில் வேறு சிப்பு, வேறு அளவுகோல். இரண்டு பதிப்புகளின் ஸ்கோரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

நிஜ நிரல்களை வைத்து அளந்தால் ஏமாற்ற முடியாதுதானே?

முடியும். அதுவும் சிப்பைத் தொடாமலே.

ஸ்பெக்கின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு நிரல். அதன் நேரம் ஏறக்குறைய முழுவதும் ஒரே ஒரு வரியில் போயிற்று. கம்பைலர் எழுதுகிறவர்கள் அந்த வரிக்கு மட்டும் ஒரு வித்தை கண்டுபிடித்தால் போதும், ஸ்கோர் பல மடங்கு எகிறும். எகிறியது. அதே கணினி, அதே சிப்பு. 1992 தொகுப்பில் அந்த நிரலை எடுத்தே விட்டார்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஸ்பெக் அமைப்பு இன்டெல் சிப்புகளுக்கான 2600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. இன்டெல்லின் கம்பைலர் ஒரு பதிப்பில், சோதனையில் உள்ள ஒரு நிரலையும் அதற்குக் கொடுக்கும் தரவையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கு மட்டும் உதவுகிற மாற்றம் ஒன்றைச் செய்தது என்பது காரணம். வினாத்தாள் தெரிந்து எழுதிய பரீட்சை.

எல்லா மேம்பாடும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நம் நிரல்களையும் வேகமாக்கினால் அது நல்ல கம்பைலர்; சோதனையை மட்டும் வேகமாக்கினால் ஸ்பெக் விதிப்படி செல்லாது. கோடு எங்கே என்பதில்தான் முப்பது வருடச் சண்டை.

இன்டெல்லின் கம்பைலர் ஏஎம்டி சிப்பைப் பார்த்தால் மெதுவாக்கும் என்கிறார்களே, உண்மையா?

"வேண்டுமென்றே மெதுவாக்கியது" என்பது வழக்கில் வாதாட வேண்டிய விஷயம். நடந்தது இதுதான். ஒவ்வொரு சிப்பும் கேட்டால் தன் பெயரைச் சொல்லும். இன்டெல் "ஜெனியுயின் இன்டெல்" என்றும் ஏஎம்டி "ஆதென்டிக் ஏஎம்டி" என்றும். இன்டெல் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், இந்தச் சிப்புக்கு இந்த வசதி உண்டா என்று மட்டும் பார்க்காமல், பெயரையும் பார்த்தன. பெயர் இன்டெல் இல்லை என்றால், வசதி இருந்தும் பழைய மெதுவான வழியில் ஓடின. டென்மார்க்கின் நிரல் நிபுணர் ஆக்னர் ஃபாக் இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். வியா நிறுவனத்தின் நேனோ சிப்பில் அந்தப் பெயரை மாற்ற முடியும். 2008-இல் ஒரு விமர்சகர் அதை மாற்றிப் பார்த்தபோது, பிசிமார்க் 2005 என்ற பெஞ்ச்மார்க்கின் நினைவகச் சோதனையில் ஸ்கோர் கணிசமாகக் கூடியது. சிப்பு அதேதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு.

2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்துத் தங்களுக்குள் இருந்த வழக்குகளை முடித்துக்கொண்டது. அது விற்பனை நடைமுறைகள் பற்றிய பெரிய தகராறு. கம்பைலர் அதில் ஒரு பகுதி. 2010-இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, "இன்டெல் அல்லாத சிப்புகளில் அதே அளவு மேம்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்ற ரீதியில் ஒரு குறிப்பை இன்டெல் தன் கம்பைலர் ஆவணங்களில் போட வேண்டியதாயிற்று. அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

நடுநிலை அமைப்பு என்று ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் யார் உறுப்பினர் என்று பார்க்க வேண்டும். சிஸ்மார்க் சோதனையைத் தயாரிக்கும் பாப்கோ அமைப்பில் சிப்புக் கம்பெனிகளே உறுப்பினர்கள். 2011 ஜூனில் ஏஎம்டி, என்விடியா, வியா மூன்றும் அதிலிருந்து வெளியேறின. சிஸ்மார்க் 2012 கிராஃபிக்ஸ் பகுதி செய்யும் வேலைக்கு மதிப்பே தரவில்லை என்பது ஏஎம்டியின் குறை. அப்போது ஏஎம்டி சிப்புகளின் பலமே கிராஃபிக்ஸ்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பல வருடம் கழித்து நிலைமை தலைகீழானது. ஏஎம்டியின் ரைசன் சிப்புகள் சினிபெஞ்சில் முன்னே போகத் தொடங்கியதும், 2019-இல் இன்டெல் அதைச் சாதாரண மக்கள் பயன்படுத்துவதில்லை, நிஜ வேலைகளை வைத்து அளக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. நிஜ வேலை என்று காட்டியவற்றில் சிஸ்மார்க்கும் ஒன்று. தோற்கிற பக்கம்தான் அளவுகோலைக் குறை சொல்லும். சொல்கிற குறை பல நேரம் சரியாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

மேடையில் நேரடியாக ஓட்டிக் காட்டினால் நம்பலாமா?

2018 ஜூனில் தைபேயின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் இன்டெல் 28 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்ட சிப்பு ஒன்றை எல்லாக் கோர்களும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும்படி காட்டியது. கூட்டம் கைதட்டியது. மேசைக்குக் கீழே தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது பிறகு தெரிந்தது. மீன் தொட்டிகளுக்கு வைப்பார்களே, அந்த ரகம். இது ஓவர்கிளாக் செய்தது, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டியது என்பதை மேடையில் சொல்ல மறந்துவிட்டோம் என்றார்கள். கடைசியில் கடைக்கு வந்த 28 கோர் சீயான் சிப்பின் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.3.

அதே வருடம் அக்டோபரில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். கோர் ஐ9-9900கே வெளிவருவதற்கு முன்பே, இன்டெல் பணம் கொடுத்து ஏற்பாடு செய்த ஆய்வு ஒன்றைப் பிரின்சிபிள்டு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. சில விளையாட்டுகளில் ரைசன் 7 2700எக்ஸைவிட ஐம்பது சதவீதம் வரை வேகம் என்றது. விமர்சகர்கள் பொடி எழுத்தைப் படித்தார்கள். ரைசனில் "கேம் மோட்" போடப்பட்டிருந்தது. பெயரைப் பார்த்தால் விளையாட்டுக்கு ஏற்றது போலத்தான் இருக்கும். ஆனால் அது ஏஎம்டியின் பெரிய திரெட்ரிப்பர் சிப்புகளுக்கானது, 2700எக்ஸில் போட்டால் எட்டுக் கோரில் நாலு தூங்கிவிடும். இன்டெல் சிப்புக்கு விலை உயர்ந்த கூலர், ரைசனுக்குப் பெட்டியோடு வந்த கூலர். மறுபடி அளந்தபோது இடைவெளி நன்றாகச் சுருங்கியது. இன்டெல்தான் அப்போதும் முன்னே நின்றது. நேராக அளந்திருந்தாலே ஜெயித்திருப்பார்கள். எதற்கு இந்த வேலை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்படியானால் ஏஎம்டி யோக்கியம்?

அவசரப்படாதீர்கள். 2011-இல் வந்த எஃப்எக்ஸ் சிப்புகளை எட்டுக் கோர் என்று விற்றது ஏஎம்டி. இரண்டிரண்டு கோராகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே புள்ளி எண் பகுதிதான் வைத்திருந்தார்கள். இதை எட்டு என்று எண்ணலாமா, நாலா? வழக்கு வந்தது, 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

அதே 2019-இல் ரைசன் 9 3900எக்ஸின் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டார்கள். வாங்கியவர்களில் மிகச் சிலருக்கே அது எட்டியது. சத்தம் கிளம்பிய பிறகு செப்டம்பரில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு வந்தது. 2024 ஆகஸ்டில் ரைசன் 9000 வரிசை வந்தபோது, ஏஎம்டி காட்டிய வேகம் விமர்சகர்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. விசாரித்தால், ஏஎம்டி விண்டோஸில் ஒளிந்திருக்கும் தனி நிர்வாகிக் கணக்கில் சோதித்திருக்கிறது. அந்த நிலையில் சிப்பின் ஊகிக்கும் பகுதி இன்னும் நன்றாக வேலை செய்யும். வீட்டில் யார் அப்படிக் கணினி ஓட்டுகிறார்கள்?

போன்களிலும் இந்த வித்தை உண்டா?

அங்கே இன்னும் வெளிப்படையாகவே உண்டு. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4, குறிப்பிட்ட பெஞ்ச்மார்க் செயலிகளைக் கண்டால் கிராஃபிக்ஸ் வேகத்தை 480-இலிருந்து 532 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தியதை ஆனந்த்டெக் இதழ் கண்டுபிடித்தது. நிரலுக்குள் அந்தப் பகுதிக்கு வைத்திருந்த பெயரே "பெஞ்ச்மார்க் பூஸ்டர்". திருடன் தன் பையில் பெயர் எழுதி வைத்த மாதிரி. 2022-இல் நேர்மாறாக, விளையாட்டுச் செயலிகளின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பெஞ்ச்மார்க் செயலிகளை மட்டும் தொடாமல் விட்டதாகத் தெரிந்ததும், கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்10 முதல் எஸ்22 வரையான போன்களை நீக்கியது.

ஆப்பிளின் வரைபடங்களில் எண்ணே இருப்பதில்லையே?

கோடு மேலே போகும், அச்சில் "ஒப்பீட்டு வேகம்" என்று மட்டும் இருக்கும், போட்டிச் சிப்பின் பெயர் பொடி எழுத்தில். 2001-இல் தங்கள் கணினியில் இருந்த 867 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி சிப்பு 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ ஃபோட்டோஷாப்பில் முந்துவதைக் காட்டி "மெகாஹெர்ட்ஸ் மாயை" என்று பாடம் நடத்தியதும் இவர்கள்தான். பாடம் சரி. ஃபோட்டோஷாப்பைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

65 வாட், 125 வாட் என்று போட்டிருப்பது மின்செலவா?

பெயருக்கு. ஏஎம்டி 105 வாட் என்று போட்ட மேசைக் கணினிச் சிப்புகள் 142 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. இன்டெல் 9900கே-இல் 95 வாட் என்று இருந்தது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் எல்லையைத் தளர்த்திவிட்டதால் நிஜத்தில் அதைத் தாண்டிப் போயிற்று. 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் இரண்டு எண்களைத் தருகிறது: 12900கே-க்கு அடிப்படை 125, உச்சம் 241. இது நல்ல மாற்றம்.

லேப்டாப்பில்தான் இது நம்மைக் கடிக்கும். ஒரே பெயர் கொண்ட சிப்பை ஒரு தயாரிப்பாளர் 15 வாட்டில் ஓடவிடுவார், இன்னொருவர் 28-இல். மெல்லிய உடம்பு, சின்ன விசிறி என்றால் முதல் இரண்டு நிமிடம் பறக்கும், பிறகு தவழும். பெஞ்ச்மார்க் பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பெயரில் உள்ள எண் பெரிதாக இருந்தால் புதியதுதானே?

ரைசன் 5 7520யூ 2022-இல் வந்தது. உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. முதல் இலக்கம் வருடம், மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பு என்று ஏஎம்டி ஒரு விளக்கப்படமும் போட்டது. கடையில் நிற்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டா போவார்? 2023 டிசம்பரில் இன்டெல் இதைக் கிண்டலடித்து, போலி மருந்து விற்பவர் படமெல்லாம் போட்டு ஒரு விளம்பரக் கோப்பு வெளியிட்டது. சில நாளிலேயே நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே பழைய ராப்டர் லேக் வடிவமைப்பைக் கோர் 5 120யூ என்ற புதுப் பெயரில் இன்டெல்லும் விற்றது.

சிப்பின் உள்ளமைப்பு எவ்வளவு நுண்ணியது என்று சொல்லும் நானோமீட்டரும் இப்போது பெயர்தான். 2021 ஜூலையில் இன்டெல் தன் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் ஒன்றுக்கு "இன்டெல் 7" என்று பெயர் மாற்றியது. தைவானின் சிப்புத் தயாரிப்பு நிறுவனம் டிஎஸ்எம்சி 7 என்று விற்பதோடு அடர்த்தியில் ஏறக்குறைய ஒப்பானதுதான், அதனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அளவுநாடா வைத்து அளந்தால் சிப்பில் எதுவும் 7 நானோமீட்டர் இருக்காது.

சரி, நான் எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் தினமும் செய்யும் வேலையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வீடியோ எடிட்டிங் என்றால் அந்த மென்பொருளில் ஓட்டிய சோதனை. விளையாட்டு என்றால் நொடிக்கு வரும் சராசரி ஃபிரேம் (படம்) மட்டுமல்ல, மிக மோசமான ஒரு சதவீதத்தில் எவ்வளவு என்பதும். சிப்பின் பெயரை மட்டும் தேடாமல் அந்த லேப்டாப் மாடலையே தேடுங்கள், அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய சோதனை இருந்தால் அதைத்தான் முதலில் படியுங்கள். பட்டை வரைபடம் சைபரில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 90-இல் தொடங்கினால் ஐந்து சதவீதம்கூட இரண்டு மடங்காகத் தெரியும். "வரை" என்ற சொல் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். கீழே நட்சத்திரக் குறிப்பு இருந்தால், எந்தச் சிப்போடு ஒப்பிட்டார்கள், எத்தனை வருடம் பழையது, நினைவகமும் கூலரும் இரண்டுக்கும் ஒன்றா என்று பாருங்கள்.

கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் பிள்ளைகள் பாடத்துக்கும்தான் என்றால், கடந்த மூன்று நான்கு வருடத்துச் சிப்பு எதுவும் போதும். அந்தப் பணத்தில் 16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று மட்டும் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்.